எழுநூற்றெண்பது சுத்து

இல்லைப் பிள்ளை, உது வெடிக்கிற சாமான் இல்லை. பயப்பிடாதையும். படியிலையே நிக்காமல் இறங்கி வாரும், உடுப்புக் கூடையைக் கீழை வையும். பாரும், பற்றரியைக் கழட்டிறன். உந்தா, கழட்டியாச்சு. கம்பி அங்கை, பற்றரி இஞ்சை. இனி உதாலை ஒண்டும் செய்யேலாது.

தண்ணி எடுத்துத் தரட்டே? வேண்டாமே? சரி, இரும். அந்தக் கதிரையிலை வேண்டாம், அதின்டை கால் ஆடும். இதிலை இரும்.

என்டை பிழைதான். பற்றரி, வயர், குறடு, பஞ்சு எல்லாத்தையும் மேசையிலை பரப்பி வைச்சுக்கொண்டு குனிஞ்சிருந்தா, முள்ளிவாய்க்காலாலை தப்பி வந்த மனிசி என்னெண்டு நினைப்பா? யோசிச்சிருக்க வேணும். நீர் கனடா வந்து இண்டைக்கு இருபத்திமூண்டு நாள். மூண்டு சனிக்கிழமை போயிட்டுது, மூண்டிலையும் கிளடிஸ்தான் இறங்கி உடுப்புத் தோய்ச்சவ. இண்டைக்கு அவவுக்கு யூனியன்வில்லிலை வேலை, மூண்டரைக்குத்தான் வருவா. உம்மடை ஸ்டெபனியும் லைப்ரரிக்குப் போட்டாள். நீரும் மேலை நாளைக்கு வாசிக்கப்போறதைப் பாடமாக்கிக்கொண்டிருப்பீர் எண்டு நினைச்சன். அந்தத் துணிவிலை கதவையும் பூட்டேல்லை.

என்ன சாமான் எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு.

வேப் எண்டு சொல்லுவினம். பஸ் நிக்கிற இடத்திலை பெடியள் வாயாலையும் மூக்காலையும் வெள்ளை வெள்ளையா விட்டுக்கொண்டு நிப்பாங்கள், பாத்திருப்பீர். அதுதான். உது சின்னக் கம்பிச் சுருள். சுருளுக்குள்ளாலை பஞ்சு, பஞ்சிலை ஒரு தண்ணி, அதுக்கை நிக்கொற்றீன். பொத்தானை அமத்தினாக் கம்பி சூடாகும், தண்ணி ஆவியாகும். அதை இழுக்கிறது. நெருப்பில்லை, சாம்பல் இல்லை. சிகரட்டும் இல்லை எண்டுதான் சொல்லுகினம்.

ஓம், நான்தான் இழுக்கிறன். வேறை ஆர் இந்த வீட்டிலை?

அப்பிடிப் பாக்காதையும். நீர் என்ன யோசிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். என்டை புருசன் சீமோன்டை தமையன், சிகரட் தொடமாட்டன் எண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்ச மனிசன். அந்த நேர்த்தியாலைதான் நானும் என்டை பிள்ளையும் ஷெல்லுக்குள்ளாலை வெளியிலை வந்தனாங்கள் எண்டு நாளைக்குப் பூசையிலை நாலு பக்கம் வாசிக்கப்போறீர். வாசிக்கிறதுக்கு முதல்நாள் அந்த மனிசன் பேஸ்மென்டுக்குள்ளை கம்பி சுத்திக்கொண்டு இருக்கிறான். அப்பிடித்தானே?

அப்பிடி இல்லையே?

இல்லை, நீர் சொல்லுறது சரி. நாங்கள் வெளியிலை வருமட்டும் எண்டுதானே நேர்த்தி, வந்தாச்சு, முடிஞ்சுது, பிறகு அத்தான் என்னத்தை இழுத்தா என்ன. சரியான கதைதான். நேர்த்தி வைக்கேக்கை நானும் அப்பிடித்தான் சொன்னனான், எனக்கு ஞாபகம் கிடக்கு. ரெண்டாயிரத்து ஒன்பது பெப்ரவரி பதினொண்டு, லூர்து மாதா திருநாள், புதன்கிழமை. தாயே, என்டை தம்பி குடும்பம் மூண்டு பேரும் வெளியிலை வருமட்டும் என்டை வாயிலை சிகரட் படாது. இவ்வளவுதான். அதுக்குமுதல் ஒரு நாளைக்குப் பதினாறு பத்தினனான். பதின்நாலு வயதிலை பேசாலைக் கடற்கரையிலை பீடியிலை தொடங்கினது. அண்டைக்குப் பதினாறாவதை அணைச்சிட்டுத்தான் கோயிலுக்கை போனனான்.

ஆனா இஞ்சத்தை சனம் அப்பிடி விளங்கேல்லை. உயிர் போகுமட்டும் தொடமாட்டன் எண்டு நேர்த்தி வைச்சவர் எண்டு ஆக்கிப்போட்டினம். கோயில்லை என்னைக் கண்டா ஒருத்தரும் எனக்கு முன்னாலை பத்த மாட்டினம். ஒளிச்சு வைப்பினம், பள்ளிக்கூடப் பெடியள் வாத்தியாரைக் கண்டமாதிரி. பேந்து நான் எங்கை பத்திறது? காருக்கை. அதுவும் எங்கடை வெக்ஸ்போர்ட் பக்கம் இல்லை, ஒருத்தரும் தெரியாத ஒரு பார்க்கிங்கிலை போய். நாலு வருசம் அப்பிடி. பேந்து ஒருநாள் படி ஏறேக்கை மூச்சு நிண்டுபோச்சு. டொக்டர் படத்தைக் காட்டினார், என்டை நெஞ்சுதான், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அவர்டை முகம் விளங்கினது. நிப்பாட்டு எண்டார். நேர்ஸ்தான் மெல்ல வந்து, நிப்பாட்டேலாட்டி உப்பிடி ஒண்டு கிடக்கு எண்டவ.

கட்டின மனிசி எண்டபடியாக் கிளடிஸுக்கு இழுக்கிறது தெரியும். கம்பி சுத்திறதும் தெரியும். மிச்சம் தெரியாது.

மிச்சம் எண்டா... பொறும், வாறன்.

லோறன்ஸ் றோட்டிலை தமிழ்க்கடைக்குப் பக்கத்திலை ஒரு வேப் கடை. ரிம்ஸான் எண்டு ஒரு முஸ்லிம் ஆள்தான் வைச்சிருக்கிறார், நாப்பத்திரண்டு நாப்பத்திமூண்டு வயதிருக்கும். வாயைத் துறந்து கதைச்ச உடனை ஊரைப் பிடிச்சிட்டன். எருக்கலம்பிட்டி. பேசாலையிலையிருந்து சைக்கிளிலை போற தூரம். தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுக் கலைக்கேக்கை பதினெட்டு வயதாம், புத்தளத்திலை கொட்டிலுக்கை பத்து வருசம் இருந்ததாம். நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவர் அதைப் பெரிசாக் கதைக்கேல்லை. அண்ணை, மாம்பழ வாசம் தரட்டோ, மின்ற் தரட்டோ எண்டு கேட்டார். வாசம் ஒண்டும் வேண்டாம் தம்பி எண்டன். எனக்கு இன்பமா இருக்கக்கூடாது எண்டு நினைச்சன் போலை.

முதல் அஞ்சு மாதம் செய்து விக்கிற சுருளைத்தான் வாங்கினனான். பத்து நாளைக்கு ஒண்டு கருகும். கருகினா வாய்க்குள்ளை அடுப்புச் சட்டி அடிப்பிடிச்ச மாதிரிக் கிடக்கும். பத்து நாளைக்கு ஒருக்கா அந்தக் கடைப்படி ஏற வேணும். கடைக்கு ஒரு பக்கம் தமிழ்க்கடை, மற்றப் பக்கம் போன் திருத்திற கடை. எண்ணிக்கொண்டு வந்தன், பன்னிரண்டு தரம் ஒருத்தரும் காணேல்லை. பதின்மூண்டாந்தரம் வெளியிலை வாறன், ஜெயமலர் நிக்கிறா.

ஓம், உந்தப் பாட்டுக்குழு ஜெயமலர்தான். உம்மை எயாப்போட்டிலை மாலை போட்டுக் கூட்டிவந்தவ. கிறிஸ்து அண்ணை, இஞ்சை என்ன செய்யிறியள் எண்டு கேட்டா. எனக்கு வாய் தன்டை பாட்டிலை சொல்லிச்சுது, போன் திருத்த வந்தனான் எண்டு. உடனை அவ பையுக்கை கையை விட்டுத் தன்டை போனை எடுத்து நீட்டினா. கண்ணாடி வெடிச்சது. அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்ச கடை எண்டா இதையும் குடுத்துத் தாங்கோ, எனக்கு அவங்கள் சாட்டுச் சொல்லுறாங்கள் எண்டா. எனக்கு எந்தக் கடையையும் தெரியாது. விட்பியிலை என்னோடை முந்திப் பக்ரறியிலை நிண்ட இராசரத்தினம் இருக்கிறார், அவர்டை மருமகன் உதுகளைத் திருத்துவான் எண்டு கேள்விப்பட்டு, ரெயினிலை விட்பி போய்க் குடுத்து, பேந்து ரெயினிலை போய் வாங்கி வந்தன். நல்லாத் திருத்தியிருந்தான். அதுதான் வில்லங்கம். அடுத்த கிழமை பாட்டுக்குழுவிலை இன்னும் ரெண்டு போன். நேர்த்தி வைச்ச மனிசன்டை கையாலை குடுத்தாச் சாமான் பழுதாகாதாம்.

சிரியும், பரவாயில்லை. சிரிக்கத்தான் வேணும். நீர் வந்து இண்டைக்குத்தான் பல்லுத் தெரியச் சிரிக்கிறீர்.

அதோடை முடிவெடுத்தன், இனிக் கடைப்பக்கம் போறேல்லை, சுருளை நானே செய்யிறது. ரிம்ஸானிட்டை ஒருதரம் போய் வருசத்துக்குக் காணக்கூடிய கம்பி வாங்கினன். கம்பிக்குப் பேர் கந்தல் எண்டார். உடுக்கிற கந்தலோ எண்டு கேட்டன், இல்லை அண்ணை, கொம்பனிப் பேர் எண்டார். எப்பிடிச் செய்யிறது எண்டு பாக்க ஐபாட்டிலை வீடியோ எடுத்துத் தந்தார். இங்கிலிஸ். நான் ஊரிலை அஞ்சாம் வகுப்போடை கடலுக்குப் போனவன், இஞ்சை வந்து இருபத்தேழு வருசம் மெசினோடை கதைச்சவன். அவங்கள் கதைக்கிற வேகத்துக்கு ஒண்டும் விளங்காது. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுக் கையை மட்டும் பாத்தன். கை இங்கிலிஸ் கதைக்காதே.

பாரும், இது தடிச்ச கம்பி. இது மெல்லிசு, தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு. மெல்லிசைத் தடிச்சதுக்கு மேலை இடைவெளி இல்லாமல் சுத்த வேணும், கித்தார்க் கம்பியிலை சுத்தியிருக்குமே, அந்த மாதிரி. அப்பிடிச் சுத்தினாத் தண்ணியை நல்லாப் பிடிச்சு வைச்சிருக்கும், கெதியிலை கருகாது. முதல் நான் மெல்லிசைப் பிடிச்சுச் சுத்திப் பாத்தன். ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறி, கூளமாப் போச்சு. பதினொரு தரம் பழுது. பேந்துதான் வீடியோவிலை கண்டுபிடிச்சன், மெல்லிசை அசைக்கிறேல்லை. அதை நேர் குறுக்கா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, உள்ளுக்கு இருக்கிற தடிச்சதைத்தான் உருட்டிறது. தடிச்சது உருள மெல்லிசு தானா வந்து படுக்கும். கை கொஞ்சம் சரிஞ்சாலும் இடைவெளி விழும். இடைவெளி விழுந்த இடம் தனியச் சிவந்து பஞ்சைக் கருக்கிப்போடும்.

கனபேர் டிறிலிலை பூட்டி உருட்டுவினம். எனக்கு டிறில் சத்தம் ஏலாது, மேலை கேக்கும். கையாலைதான். தடிச்ச கம்பியின்டை மற்றத் தலைப்பு முறுகாமல் இருக்க இதைப் பூட்டியிருக்கிறன், பாரும், தெரியுதே? தூண்டில் கயிற்றிலை போடுற சுழல் வளையம். மீன்பிடிச் சாமான் விக்கிற கடையிலை வாங்கினது. அவங்களும் வீடியோவிலை அதைத்தான் பூட்டிறாங்கள். பேசாலையிலை சுறாவுக்குத் தூண்டில் கட்டேக்கை கையிலை பிடிச்ச சாமானை இந்த வேலைக்குப் பிடிக்கேக்கை கை கூசிச்சுது.

நாலு விரல்கடைக் கம்பிக்கு எழுநூற்றெண்பது சுத்து. ஓம், எண்ணிறனான். எண்ணாட்டி நெருக்கமாச் சுத்தினனோ இல்லையோ எண்டு தெரியாது. எழுநூற்றெண்பதுக்குக் குறைஞ்சா எங்கையோ இடைவெளி கிடக்கு எண்டு அர்த்தம். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஒருநாள் எண்ணிக்கொண்டு போறன், நூறு தாண்டினாப் பிறகு பாத்தா, எண்ணிறதை விட்டுப்போட்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒரு சுத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. கம்பியை அப்பிடியே கீழை வைச்சிட்டன். அந்தக் கம்பியை எறியவும் பயம், இழுக்கவும் பயம். உந்த மேசை லாச்சிக்கை ஒரு கடுதாசியிலை சுத்திக் கிடக்கு.

ஏன் இவ்வளவு கஷ்டம், இழுக்காமல் விடலாமே எண்டுதானே கேக்கிறீர்? விடலாம். ஆனா பிள்ளை, உள்ளதைச் சொல்லுறன், இழுக்கிறதிலை இப்ப எனக்கு ஒண்டும் இல்லை. ஒரு நாளைக்கு ஆறேழு தரம், அவ்வளவுதான். சுத்திற அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு வேணும். எண்ணிக்கொண்டு இருக்கேக்கை மற்ற எண்ணிக்கை ஒண்டும் தலைக்கை ஓடாது.

ஓடுற எண்ணிக்கையோ? அதைச் சொல்லத்தான் மூண்டு நாளாப் பாக்கிறன். உம்மைத் தனியக் காணக் கிடைக்கேல்லை. இப்ப கிடைச்சிருக்கு, நான் கம்பிக் கதை கதைச்சுக்கொண்டு இருக்கிறன்.

நீர் எழுதின நாலு பக்கத்தையும் வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையிலை கிளடிஸ் வாசிச்சுக் காட்டினவ. நான் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டன். உறைப்புக் கூடிப்போச்சு எண்டு சொன்னன், கறியிலை உறைப்பே இல்லை. மூண்டாம் பக்கத்திலை எழுதியிருக்கிறீர், அத்தான் இஞ்சை ஒரு நாளும் தவறாமல் காத்த நேர்த்தி அங்கை எங்களுக்குப் பங்கரா நிண்டது எண்டு. நல்ல வசனம். கோயில்லை எல்லாரும் அழுவினம்.

நான் அப்பிடி உமக்குச் சொன்னனானோ? யோசிச்சுச் சொல்லும். ஒரு நாளும் தவறாமல் எண்டு என்டை வாயாலை சொன்னனானோ?

இல்லை. சொல்லேல்லை. உமக்கும் சொல்லேல்லை, கோயில்லையும் சொல்லேல்லை. அந்த ஜூன் மாதம், நீர் மெனிக் பாம் முகாமிலையிருந்து போன் எடுத்து, சீமோன் இல்லை, நானும் பிள்ளையும் இருக்கிறம் எண்டு சொன்னாப் பிறகு, செத்த ஆக்களுக்காக ஒரு பூசை வைச்சவை. பாதர் என்னைக் கூப்பிட்டு மைக்கைத் தந்திட்டார். நான் மைக்கிலை கதைச்சது என்டை சீவியத்திலை அந்த ஒருதரம்தான். என்ன சொன்னனான் எண்டு எனக்குச் சொல்லுச் சொல்லாத் தெரியும். சிகரட் தொடமாட்டன் எண்டு மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான், தம்பியை எடுத்துப்போட்டா, மனிசியையும் பிள்ளையையும் தந்திட்டா. இதுதான். வைச்சனான் எண்டுதான் சொன்னனான். மிச்சத்தைச் சனம் தாங்களே போட்டு நிரப்பிச்சுது. நான் வாயைத் துறந்து அதைத் திருத்தேல்லை. ஒரு சொல்லாலை திருத்தியிருக்கலாம்.

பேந்து ரெண்டாயிரத்துப் பன்னிரண்டிலை, நீங்கள் இந்தியாவிலை முகாமுக்கை இருக்கிறியள், ஸ்பொன்சர் பண்ண வேணும் எண்டு கோயில்லை கூட்டம் வைச்சம். ஒருத்தரும் முன்னுக்கு வரேல்லை, பொறுப்புக் கூட எண்டு. நவரட்ணம் மாஸ்டர்தான் எழும்பிச் சொன்னவர், அந்த மனிசன் அங்கத்தை உயிர்களுக்காக நேர்த்தி காத்தவர், நாங்கள் ஒரு கையெழுத்து வைக்கேலாதோ எண்டு. அஞ்சு நிமிசத்திலை அஞ்சு கையெழுத்து. நான் பின்வரிசை வாங்கிலை இருந்து என்டை சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன். நீரும் ஸ்டெபனியும் கனடாவிலை நிக்கிறது அந்தப் பொய்யாலை. பொய் எண்டு சொல்லாட்டி வேறை என்னெண்டு சொல்லுறது? அப்ப நான் உண்மையைச் சொல்லியிருந்தா நீங்கள் இன்னும் மண்டபம் முகாமிலை இருப்பியள். எனக்கு அதை நினைக்க, சொல்லாமல் விட்டதும் நல்லது எண்டு ஒரு நேரம் வரும். பேந்து வெக்கம் வரும்.

ஓம் பிள்ளை. காக்கேல்லை.

எண்பத்தெட்டு நாள் காத்தன். சரியா எண்பத்தெட்டு. எண்பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மே பத்து. அண்டைக்குத்தான் சனமெல்லாம் கார்டினர் ஹைவேயிலை ஏறி றோட்டை மறிச்சது. படத்திலை பாத்திருப்பீர். அவ்வளவு பெரிய றோட், கார் ஒண்டும் ஓடாமல், தாய்மார் பிள்ளையளைத் தள்ளுவண்டிலோடை கொண்டு வந்து நிண்டவை. ரெண்டு பக்கமும் பொலிஸ். நான் பின்னுக்கு, சீமெந்துக் கட்டிலை சாஞ்சுகொண்டு நிண்டன். கத்திறதுக்கு எனக்கு வெக்கம், கொடியும் பிடிக்கேல்லை. ஆள் கணக்குக்கு நிண்டன். பக்கத்திலை ஒரு மனிசன், முன்பின் தெரியாது, தன்டை ஆக்களோடை மாத்தளன் சண்டைக்குப் பிறகு கதை இல்லை எண்டான். என்டை ஆக்களும் அதுக்குள்ளைதான் எண்டன். அவன் பைக்கற்றை எடுத்துத் தான் ஒண்டை வாயிலை வைச்சு, எனக்கு ஒண்டை நீட்டினான். செத்தவீட்டிலை வெத்திலைத் தட்டை நீட்டிற மாதிரி. மாட்டன் எண்டு சொல்லேலாத மாதிரி.

மறந்துபோய் எடுத்திட்டன் எண்டு சொல்லலாம். மறக்கேல்லை. நேர்த்தி ஞாபகம் இருக்கத்தக்கதாத்தான் எடுத்தன். அவன் லைட்டரைப் பொத்திப் பிடிச்சான், நான் குனிஞ்சு பத்தினன். அடிமட்டும் பத்தினன். நல்லா இருந்தது. அதையும் சொல்லத்தான் வேணும், நல்லா இருந்தது.

பத்தத் தொடங்கேக்கை மணிக்கூட்டைப் பாத்தன். பழக்கம், எதுக்கும் பாக்கிறது. ஒன்பது இருபது.

அடுத்தநாள் விடிஞ்ச உடனை திரும்பத் தொடங்கினன், ஒண்டு, ரெண்டு எண்டு. நீர் போன் எடுக்குமட்டும் பேந்து தொடேல்லை. அது இருபத்தஞ்சு நாள். ஆனா அது வேறை கணக்கு.

பாவசங்கீர்த்தனமோ? செய்தனான். எங்கடை பாதரிட்டை இல்லை, அவருக்கு என்டை குரல் தெரியும். ரெண்டு பஸ் மாறி வெள்ளைக்காரச் சாமியாரிட்டைப் போனன். என்டை இங்கிலிசிலை நேர்த்தி எண்டதுக்குச் சொல் இல்லை. பாதர், நான் சிகரட் பத்திப்போட்டன் எண்டன். அவர் சிரிச்சுப்போட்டு, மகனே, அது பாவம் இல்லை, உடம்புக்குக் கூடாது எண்டார். மூண்டு வருசம் மூண்டு தவக்காலத்திலை மூண்டு சாமியாரிட்டைப் போனன். மூண்டு பேரும் அதைத்தான் சொன்னவை. பாவம் எண்டு ஒருத்தரும் எடுக்கேல்லை, அதாலை மன்னிப்பும் ஒருத்தரும் தரேல்லை.

அழாதையும். நான் உம்மை அழவைக்க இதைச் சொல்லேல்லை. நாளைக்கு நீர் எழும்ப வேண்டாம். பாதரிட்டை நானே போய், ஏன் எண்டும் சொல்லுறன். அஞ்சு கையெழுத்துக்காரருக்கும் நானே சொல்லுறன். பூசையிலை சீமோன்டை பேரை மற்ற ஆக்கள்டை பேரோடை வாசிக்கட்டும். என்டை பேர் வேண்டாம். உம்மையும் ஸ்டெபனியையும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது, நீங்கள் பொய் சொல்லேல்லை.

ஆனா ஒண்டு கேக்க வேணும். ஆறு வருசமாக் கேக்கப் பயந்த கேள்வி, போனிலை கேக்கிற கேள்வியும் இல்லை. அண்டைக்கு நீர் போனிலை சொன்னது பதினோராந் தேதி எண்டு. சீமோன் மே பதினொண்டு. நேரம் சொல்லேல்லை. இஞ்சத்தை நேரத்துக்கும் அங்கத்தை நேரத்துக்கும் ஒன்பதரை மணித்தியாலம். நான் இஞ்சை ஞாயிறு இரவு ஒன்பது இருபதுக்குப் பத்தேக்கை அங்கை திங்கள் காலமை ஆறு அம்பது. பதினோராந் தேதியிலை ஆறு மணித்தியாலமும் அம்பது நிமிசமும் அதுக்கு முன்னுக்குக் கிடக்கு. மிச்சப் பதினேழு மணித்தியாலமும் பத்து நிமிசமும் அதுக்குப் பின்னுக்கு.

விசர்க் கதைதான். கிளடிஸ் கேட்டாலும் விசர் எண்டுதான் சொல்லுவா. ஒரு சிகரட்டுக்கு மாதா ஷெல் அடிக்கிறவவோ எண்டு கேப்பா. எனக்கும் பகலிலை அப்பிடித்தான் படும். ஆனா எண்பத்தெட்டு நாளுக்கு ரெண்டு உயிரைத் தந்தவ எண்டு நீரே நாலு பக்கம் எழுதியிருக்கிறீர். அப்பிடித் தாறவ எண்டா மற்றதையும் எண்ணிறவதானே.

அதுதான் கேக்கிறன். சீமோனுக்கு ஷெல் படேக்கை நேரம் என்ன?

இருட்டோ. விடியேல்லையோ. விடியிறதுக்குக் கனக்க முன்னமோ.

வடிவாத் தெரியுமோ உமக்கு?

என்டை கையைப் பிடிக்காமல் சொல்லும். இருட்டு எண்டுறீர். சரி. இருட்டு எண்டா ஆறு அம்பதுக்கு முன்னம், அப்ப என்டை கணக்கிலை வராது. நல்லது. நல்ல மனம் பிள்ளை உமக்கு.

ஆனா நேற்று ஸ்டெபனியை லைப்ரரியாலை ஏத்திக்கொண்டு வரேக்கை அவள் தானாச் சொன்னாள், அப்பா அண்டைக்குக் கஞ்சி வாங்க வாளியோடை லைனிலை நிண்டவர், நிழல் இல்லை, வெயில் சுடுது எண்டு என்னைத் திருப்பி அனுப்பிப்போட்டார், அதாலைதான் நான் இருக்கிறன் எண்டு. அவளுக்கு அப்ப பதினொரு வயது, அவள் அதை மறக்கமாட்டாள்.

இருட்டிலை வெயில் சுடாது மக்டலீன். எத்தினை மணி எண்டு சொல்லும்.